பட்டுப்புடவையில் வந்த எலும்பு டாக்டர்

வெளிநாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஊரே அறிவுரை சொல்லும். எனக்கும் சொன்னார்கள். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைக்காதே, இடுப்பில் கட்டிக்கொள். விமானத்தில் கொடுக்கிற போர்வையை மடித்து எடுத்து வந்துவிடாதே. யாராவது எதையாவது நீட்டி 'கொஞ்சம் பிடிச்சுக்கோங்க' என்றால் பிடிக்காதே. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டு அத்தைக்கு வைத்தியமும் பார்க்காதே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். நான் அப்போது சொன்ன பேச்சு கேட்கிற பெண்.

ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. பாகங்களை அளந்து பார்க்கிற புது மெஷின் ஒன்றை அயர்லாந்தில், கார்க் என்ற நகரத்தில் செய்துகொண்டிருந்தார்கள். அங்கேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, 'சரி' என்று சொன்னால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். அப்படிப் போய்ப் பார்த்துவர என்னையும், மெஷின் பராமரிப்பில் இருந்த முனிராஜ் அண்ணனையும் தேர்ந்தெடுத்தார்கள். என் பிரிவிலேயே இருந்த சிவக்குமாருக்கு அந்த வாய்ப்பின் மேல் ஒரு கண் இருந்தது. 'அந்தப் பொண்ணு லிஃப்ட்லயே தனியா ஏறாது, அதைப் போய் அயர்லாந்துக்கு அனுப்புறாங்க' என்று கேன்டீனில் சொன்னது என் காதுக்கு வந்தது. (ஏறாதது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் எங்கள் கம்பெனி லிஃப்ட்.) அதனால் இந்தப் பயணத்தில் ஒரு சின்னப் பிசகுகூட நடக்கக்கூடாது என்று வைராக்கியமாகக் கிளம்பினேன்.

முனிராஜ் அண்ணன் ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். மூன்றிலும் ஒரே வேகம். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வெளியூரில் கேப்பைக் களி கிடைக்காது என்பதால் ஒரு பெரிய பொட்டலம் கேப்பை மாவு கட்டி எடுத்து வந்திருந்தார்.

எங்களுக்கு ஏற்பாடு செய்திருந்த ஓட்டல் நகரத்தின் நடுவில், ஆற்றோரமாக இருந்தது. வாசலில் நின்ற ஆள் எங்கள் பெட்டியை வாங்க வந்தபோது நான் கொடுக்கவில்லை. (பார்க்க: அறிவுரைகள்.) அவர் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் சக்கரம் ஒன்று கழன்று ஆற்றுப்பக்கமாக உருண்டு போயிற்று. உள்ளே போனால், நடந்தால் கால் புதைகிற கம்பளம், இரண்டாகப் பிரிந்து மேலே போகிற மரப்படிக்கட்டு. என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் கட்டில் மேல் ஏறி நின்று மெத்தையில் நான்கு முறை குதித்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அறைச் சாவிக்குப் பதில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதை உள்ளே சுவரில் இருக்கும் பொந்தில் செருகினால்தான் விளக்கு எரியும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். முனிராஜ் அண்ணன் கண்டுபிடிக்கவில்லை. செல்போன் டார்ச்சிலேயே குளித்து, இருட்டிலேயே தூங்கி, காலையில் வந்து, இவ்வளவு பெரிய ஓட்டலில் ஒரு ஜெனரேட்டர் வைக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டார். காலைச் சாப்பாட்டில் கறுப்பாக வட்டமாக ஏதோ இருந்தது. மெதுவடை கொஞ்சம் கருகிவிட்டது என்று நினைத்து அவர் ஐந்தாறு எடுத்துவிட்டார். அது பன்றி ரத்தத்தில் செய்தது என்று பரிமாறும் பெண் சொன்னபோது நான் பதறிப் போனேன். அவர் மென்றுகொண்டே, நம்ம ஊர் ரத்தப் பொரியலை வட்டமாகத் தட்டியிருக்கிறார்கள், வெங்காயம்தான் பற்றாது என்றார்.

எங்களுக்குப் பெரிய சிக்கல் பேச்சுதான். நான் ஆங்கிலம் படித்தவள், மெயிலெல்லாம் பிரமாதமாக எழுதுவேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற ஆங்கிலம் பாட்டு மாதிரி ஏறி இறங்கி, நான் முதல் வார்த்தையைப் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். மூன்றாம் முறையும் 'பார்டன்?' என்று கேட்க வெட்கமாக இருந்தது. முனிராஜ் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். "எது கேட்டாலும் சிரிச்சிட்டு யெஸ், தேங்க்யூன்னு சொல்லிடுங்க மேடம். நல்லவங்கதான், கெட்டதா எதுவும் கேக்க மாட்டாங்க." அந்த வாரம் முழுவதும் இந்த முறை அருமையாக வேலை செய்தது. தேநீர் வந்தது, கூடுதல் தலையணை வந்தது, ஒருமுறை துணி இஸ்திரி போடும் பலகை வந்தது. எதையும் நாங்கள் கேட்கவில்லை.

இன்னொரு முடிவும் எடுத்திருந்தோம். இரண்டாம் நாள் காய்கறிக் கடையில், கல்லாவில் இருந்த பையனின் தலைமுடியைப் பற்றித் தமிழில் ஏதோ சொல்லிச் சிரித்தோம். அவன் மீதிச் சில்லறையோடு "நன்றிங்க" என்றான். திருச்சிப் பக்கம். அன்றிலிருந்து வெளியே வம்பு பேசுவதென்றால், ஓசூர்க்காரியான எனக்கும் வருகிற கன்னடம் என்று வைத்துக்கொண்டோம். தமிழர்கள்தான் எங்கு பார்த்தாலும் இருக்கிறார்கள், கன்னடம் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை மெஷின் தேறிவிட்டது. எல்லா அளவும் சரி. 'ஓகே' என்று மெயில் அனுப்பியபோது சிவக்குமாரின் முகம் கண் முன்னால் வந்தது, அதையும் ரசித்தேன். மறுநாள் சனிக்கிழமை ஓய்வு. சாயங்காலம் அம்மா போன் செய்தார். பெட்டியில் அவர் வைத்து அனுப்பிய அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டினேனா என்று கேட்டார். இல்லை என்றதும் கோபம் வந்துவிட்டது. "கடல் தாண்டி எடுத்துட்டுப் போனதை மடிச்ச மடிப்போட எடுத்துட்டு வருவியா? இப்பவே கட்டி ஒரு போட்டோ அனுப்பு. உங்க பெரியம்மாவுக்குக் காட்டணும்."

கட்டினேன். அந்த மரப்படிக்கட்டில் நின்று படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று முனிராஜ் அண்ணனையும் அழைத்துக்கொண்டு இறங்கினேன். படம் எடுப்பதென்று அவரும் கோட்டு போட்டுக்கொண்டார். கீழே பார்த்தால் ஒரே கூட்டம். பெண்கள் தலையில் இறகு வைத்த தொப்பி, ஆண்கள் சட்டையில் பூ. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. படியில் நின்று இடுப்பில் கை வைத்து நான்கைந்து படம் எடுத்துக்கொண்டேன். (அந்தப் படத்தில் என் தலைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது. அதில் மணமகன் மணமகள் பெயரும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற அம்புக்குறியும் தெளிவாகத் தெரிகின்றன. அதை நான் பார்த்தது மறுநாள்.)

அப்போது கோட்டு போட்ட ஓட்டல்காரர் ஒருவர் எங்களிடம் ஓடி வந்தார். என் புடவையைப் பார்த்து முகம் மலர்ந்து ஏதோ நீளமாகக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "யெஸ், தேங்க்யூ" என்றேன்.

அவ்வளவுதான். கையில் ஆரஞ்சுச் சாறு வந்தது. பின்னாலேயே நடக்கச் சொன்னார். பெரிய கூடம், வட்ட வட்டமாக மேசைகள், வெள்ளைத் துணி, நடுவில் பூ. சனிக்கிழமை தங்கியிருப்பவர்களுக்கு விருந்து போடுகிறார்கள் போலிருக்கிறது என்றார் முனிராஜ் அண்ணன். எங்களை ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். தட்டுக்கு முன்னால் சின்ன அட்டையில் பெயர். எனக்கு முன்னால் இருந்த அட்டையில் 'சுமா' என்று இருந்தது.

என் பெயர் சுமதி. வீட்டில் சுமா. அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பெரிய ஓட்டல், என்னைச் செல்லப்பெயரில் எழுதியிருக்கிறதே என்று. பக்கத்து அட்டையில் 'மஞ்சு' என்று இருந்தது. முனிராஜ் அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, முனிராஜ் என்பது அவர்கள் வாயில் நுழையவில்லை போல, பரவாயில்லை என்று பெருந்தன்மையாக வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்து கை தட்ட, வெள்ளை உடையில் பெண்ணும் பக்கத்தில் பையனும் உள்ளே வந்தார்கள். அப்போதுதான் இது கல்யாணம் என்று புரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று கன்னடத்தில் கேட்டேன். முனிராஜ் அண்ணன் அசையவில்லை. நம்ம ஊரில் மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பத்திரிகை வைப்பதில்லையா, அது மாதிரி இங்கே ஓட்டலில் தங்கியிருக்கிறவர்களைக் கூப்பிடுகிறார்கள், அதுதான் பெயரெழுதி வைத்திருக்கிறார்களே என்றார். அந்த நேரத்தில் அதில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. மேலும் சூப் வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து அன்றுதான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டேன். மாடா மீனா என்று கேட்டார்கள், மீன் என்றோம். உருளைக்கிழங்கே மூன்று விதமாக வந்தது. எனக்கு இடப்பக்கம் ஊதாத் தொப்பி வைத்த பாட்டியம்மா, பெண்ணின் அத்தை, பெயர் நோரா. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசித் தள்ளினார். பேச்சின் நடுவில் பாவாடையை லேசாக உயர்த்தி முழங்காலைக் காட்டினார். நீளமாக ஒரு தையல் தழும்பு. எனக்குப் பாவமாக இருந்தது. தொட்டுப் பார்த்து "வெரி குட்" என்றேன். அவர் முகம் பூரித்துப் போயிற்று. பிறகு மேடையில் வாத்தியம் வைத்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டி, முழங்காலைக் காட்டி, ஆவலோடு ஏதோ கேட்டார். ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்கிறார் என்று நினைத்தேன்.

"யெஸ், தேங்க்யூ," என்றேன்.

நோரா என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

அடுத்து பெண்ணின் அப்பா எழுந்து பேசினார். நிறையச் சிரிப்பு. நாங்களும் எல்லோரும் சிரிக்கும்போது சிரித்தோம். திடீரென்று அவர் பேச்சில் 'சுமா' என்று கேட்டது. எங்கள் மேசையைக் காட்டினார். கூடமே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. ஓட்டல் விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதையா! நான் எழுந்து, முந்தானையைச் சரி செய்து, நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். தூரத்தில் மேடைப் பக்கத்து மேசையிலிருந்து மணப்பெண் கையசைத்தாள். நானும் அசைத்தேன். பிறகு அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்தாள். வெயில் கண்ணில் படுகிறது என்று நினைத்தேன். முனிராஜ் அண்ணன் இதையெல்லாம் படம் பிடித்து, 'ஓட்டலில் நமக்கு ராஜ மரியாதை' என்று எழுதி, கம்பெனி வாட்ஸப் குழுவில் உடனுக்குடன் போட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியம் ஆரம்பித்தது. முதலில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள். அடுத்ததாக எழுந்தவர் நோரா. ஆடினார் என்றால் சாதாரண ஆட்டம் இல்லை. காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சுற்றிச் சுற்றி ஆடினார். பெண்ணின் அப்பா பதறி ஓடித் தடுக்கப் போக, அவர் எங்கள் மேசையைக் காட்டி ஏதோ சொல்லித் தள்ளிவிட்டு மேலும் ஆடினார். நான் தாளம் போட்டு உற்சாகப்படுத்தினேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண்ணும் ஆணும் அவசரமாக எங்கள் மேசைக்கு வந்து நின்றார்கள். நம்ம நாட்டு முகம். அந்தப் பெண் பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். எங்கள் நாற்காலிகளையும் அட்டைகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்கார இடமில்லாமல் நின்ற அவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. பத்திரிகை இல்லாமல் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, வந்ததுதான் வந்தார்கள், நேரத்தோடு வந்திருக்கக் கூடாதா என்று நான் முனிராஜ் அண்ணனிடம் கன்னடத்தில் சொன்னேன். அவரும் கன்னடத்திலேயே, எல்லா ஊரிலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள் மேடம் என்றார்.

அந்தப் பெண் என் பக்கம் குனிந்தாள். அமைதியாக, சுத்தமான ஆனேக்கல் கன்னடத்தில் சொன்னாள்: "நாவு ஹுடுகி கடேயவரு. நீவு யார கடே?"

நாங்கள் பெண் வீடு. நீங்கள் யார் வீடு?

ஆனேக்கல் எங்கள் ஓசூரிலிருந்து அரை மணி நேரப் பஸ். அத்தனை தூரம் பறந்து வந்து, பக்கத்து ஊர்க்காரியிடம் மாட்டிக்கொண்டேன். என் வாயில் இருந்த கேக் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முனிராஜ் அண்ணன் மெதுவாக மஞ்சு என்ற அட்டையை எடுத்து, பின்னால் நின்ற அவள் கணவர் மஞ்சுநாத்திடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவள் டாக்டர் சுமா. மணப்பெண் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர். வேலை முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. புடவையைப் பார்த்த ஓட்டல்காரர், டாக்டர் சுமாவா என்று கேட்க, நான் ஆமாம் நன்றி என்று சொல்லியிருக்கிறேன். பெண்ணின் அப்பா புகழ்ந்தது, தன் அக்கா நோராவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்த டாக்டரை. அவரும் நோராவும் அவளை முகக்கவசத்தோடு மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வந்தது. கடைசியில் நோரா என்னிடம் என்ன கேட்டார் என்பதும் புரிந்தது.

"ஐயோ, அந்தம்மாவை ஆடலாம்னு சொல்லிட்டனே," என்று தமிழில் கத்திவிட்டேன்.

சுமா திரும்பிப் பார்த்தாள். அவள் அரக்கப்பரக்க ஓட, நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, ஆடுகளத்தில் இரண்டு பட்டுப்புடவைகள் சேர்ந்து நோராவைப் பிடித்தோம். கூடம் முழுக்க அதை ஏதோ இந்திய நடனம் என்று நினைத்துக் கை தட்டியது. நோராவை உட்கார வைத்து முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்த சுமா, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இது போதும் என்றாள். நோரா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விரல் என்னைக் காட்டியது. அவருக்கு என் வைத்தியம்தான் பிடித்திருந்தது.

மணப்பெண் வந்துவிட்டாள். நான் மூச்சு விடாமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டி மன்னிப்புக் கேட்டேன். மெஷின், புடவை, அம்மா, அட்டை என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனதுக்குள் வேறு ஒரு படம் ஓடியது: ஓட்டலிலிருந்து கம்பெனிக்குப் புகார் போகிறது, மேனேஜர் கூப்பிடுகிறார், கேன்டீனில் சிவக்குமார் எழுந்து நின்று பேசுகிறான். என் முதல் வெளிநாட்டுப் பயணமே கடைசிப் பயணம். சொல்லி முடிப்பதற்குள் அழுதே விட்டேன். சுமா நடுவில் விளக்கிச் சொன்னாள். மணப்பெண் கேட்டுக்கொண்டே வந்தவள், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளை உடையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு, மேசைக்கு இன்னும் இரண்டு நாற்காலி போடச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து, போட்டோவுக்காகத் தூங்காமல் காத்திருந்த அம்மாவின் வீடியோ அழைப்பு. நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு அவமானமெல்லாம் பெரிதாகப் படவில்லை. "சாப்பிட்டாச்சில்ல? கல்யாண வீட்டுல கை நனைச்சிட்டு வெறுங்கையோட வரக்கூடாது. எதையாவது குடுத்துட்டு வா," என்றார்.

என்ன கொடுப்பது? முனிராஜ் அண்ணன் அறைக்குப் போய், மிச்சமிருந்த கேப்பை மாவுப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். நாற்காலியில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து அதைச் சுற்றிக் கட்டி மணமக்களிடம் நீட்டினார். பெண் அதை முகர்ந்து பார்த்து விழித்தாள். சுமா எட்டிப் பார்த்தாள். "ராகியா?" என்றாள். குரலே மாறிவிட்டது. நான்கு வருஷமாக ஊருக்குப் போகவில்லையாம், முத்தே, அதாவது நம்ம களி, சாப்பிட்டு அத்தனை நாளாயிற்றாம். கல்யாணப் பெண்ணின் கையிலிருந்து கல்யாணப் பரிசை ஒருத்தி பேரம் பேசி வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே மீதி விருந்தைச் சாப்பிட்டாள்.

நானும் ஆடினேன். முனிராஜ் அண்ணன் அதைவிட ஆடினார். ஊர்த் திருவிழாவில் பம்பைச் சத்தத்துக்கு ஆடுகிற ஆட்டத்தை அந்த ஊர் வாத்தியத்துக்கு ஆட, இறகுத் தொப்பிக்காரர்கள் வரிசையாக அவர் பின்னால் நின்று கற்றுக்கொண்டார்கள்.

கம்பெனி வாட்ஸப்பில் மேனேஜர், இது யார் கல்யாணம் என்று கேட்டிருந்தார். மறைக்காமல் முழுவதையும் எழுதி அனுப்பிவிட்டு, விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின் நல்லபடி கப்பலேறுமா என்று மட்டும் கேட்டார். ஏறும் சார் என்றேன். அப்படியானால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று பதில் வந்தது. சிவக்குமார் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டான். அதற்கடுத்த வருஷம் அவன் ஜெர்மனி போனபோது, கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து, அந்த ஊரில் ஓட்டலில் யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ரகசியமாகக் கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

சுமா இப்போது எனக்கு நெருங்கிய தோழி. ஊருக்கு வந்தால் ஆனேக்கலில் இறங்கிய மறுநாள் ஓசூரில் இருப்பாள். என் கல்யாணத்துக்கு நோராவின் வாழ்த்தோடு வந்தாள். ஆனால் எங்கள் சொந்தத்தில் அவளைவிட எனக்குத்தான் டாக்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. விசேஷ வீடுகளில் யாராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், 'எங்க நம்ம எலும்பு டாக்டர்?' என்று என்னைத் தேடுவார்கள். என் கணவர் புது ஆட்களிடம் என்னை அறிமுகப்படுத்துவதே அப்படித்தான்.

போன மாதம் சிங்காரப்பேட்டையிலிருந்து என் நாத்தனாரின் மாமனார் வந்திருந்தார். கேலி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து என்னிடம் நீட்டி, பயபக்தியோடு எதிரில் உட்கார்ந்துவிட்டார். வீடே வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு நல்ல டாக்டர் ஒருவரின் விலாசம் எழுதிக் கொடுத்து, அவரைப் பார்க்கும் வரைக்கும் ஆட மட்டும் வேண்டாம் மாமா என்று சொல்லி அனுப்பினேன்.

பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட ஆடியிராத அந்த மனிதர், ஊருக்குப் போய் எல்லோரிடமும் வருத்தப்பட்டாராம். "ஆடவே கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க."